விலைக்கு வந்த பழைய மொறிஸ் வண்டி

‘மொறிஸ் மைனர் கார் விற்பனைக்கு. குடும்பப் பாவனையில் இருந்தது. ஓடும் நிலையில் உள்ளது. புதிதாக நிறம் பூசப்பட்டது.’ இத்தகைய விளம்பரங்கள் இலங்கைப் பத்திரிகைகளில் நெடுங்காலமாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. நான்கு சிறு வாக்கியங்களே ஆயினும், அவற்றை நம்பி ஒரு குடும்பம் பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு புறப்படுகிறது. அப்பணம் நல்ல வண்டியாக வீடு வந்து சேருமா, அன்றிக் கறள் பிடித்த தகரமாக முற்றத்தில் கிடக்குமா என்பது, வாங்குவோர் எதைப் பார்க்கிறார், எதைப் பாராது விடுகிறார் என்பதைப் பொறுத்தது.

படுவான்கரையில் மாடு வாங்கச் செல்லும் உழவர், மாட்டின் கொம்பிலே கட்டிய மணியையோ நெற்றியிலே இட்ட பொட்டையோ கண்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டும் பார்க்கிறார். ஆனால் அதே உழவர் பழைய மோட்டார் வண்டி வாங்கச் சென்றால், பளபளக்கும் நிறத்தையும் துடைத்து வைத்த ஆசனத்தையும் கண்டு மயங்கிவிடுவதுண்டு. மாட்டுக்குரிய அறிவு வழிவழியாக வந்தது. மோட்டார் வண்டிக்குரிய அறிவைத் தேடிப் பெறவேண்டியிருக்கிறது.

முதலில், இவ்வண்டி எத்தகையது என்பதை அறிதல் நன்று. இரண்டாம் உலகப் போர் 1945 ஆம் ஆண்டில் முடிவுற்றபோது பிரித்தானியா வெற்றி பெற்ற நாடாக இருந்தும் கடன்பட்ட நாடாகவே இருந்தது. வெளிநாட்டுச் செலாவணியை ஈட்டுதற்கு ஏற்றுமதி ஒன்றே வழி என்று கண்ட அந்நாட்டு அரசாங்கம், மிகுதியாக ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கு உருக்குத் தகட்டை முன்னுரிமையோடு வழங்கிற்று. ஆகவே, இங்கிலாந்து மக்கள் ஒரு காருக்குப் பதிவு செய்துவிட்டு நெடுநாள் காத்திருக்க, அங்கு செய்யப்பட்ட வண்டிகள் கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சென்றன. ஒஸ்டின் ஏ 40, ஹில்மன் மிங்ஸ், போர்டு பிரிபெக்ட், ஸ்டாண்டர்டு வன்காட் முதலிய பெயர்கள் நம் நாட்டு வீதிகளில் ஒலிக்கத் தொடங்கியது அக்காலத்திலேதான்.

அவற்றுள் மக்கள் மனத்தில் நிலைத்த இடம் பெற்றது மொறிஸ் மைனர். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். சிமிர்னா நகரிலே பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அப்பொறியியலாளரே பின்னர் 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த மினி என்னும் சிறு காரையும் வகுத்தார். மைனரின் மாதிரி வண்டி செய்து முடிந்த பின்னர், அது ஒடுக்கமாகத் தோன்றுகிறது என்று கண்ட இசிகோனிஸ், அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியபோது வடிவம் பொருந்திற்று. இன்றும் மைனரின் முன் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. தொழிற்சாலையின் அதிபராயிருந்த நபீல்டு பிரபு அவ்வண்டியின் உருவத்தை முட்டைக்கு ஒப்பிட்டு எள்ளியதாகச் சொல்வர். ஆயினும் 1960 ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார்களுள் அந்த எண்ணிக்கையை முதன்முதலாக எட்டியது இதுவே. 1971 ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழப் பதினாறு இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன.

இருபத்துமூன்று ஆண்டுகளில் வண்டியின் வெளித்தோற்றம் பெரிதும் மாறவில்லை. உள்ளே பல மாறின. முதலில் வந்த வண்டிகளில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பழைய முறை இயந்திரம் இருந்தது. 1952 ஆம் ஆண்டில் மொறிஸ் நிறுவனத்தாரும் ஒஸ்டின் நிறுவனத்தாரும் ஒன்றுசேர்ந்து பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் ஆயினர். அதன் பயனாக ஒஸ்டினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மைனருக்குள் புகுந்தது. 1956 ஆம் ஆண்டில் 948 அளவுள்ள இயந்திரத்தோடு மைனர் 1000 வந்தது. 1962 ஆம் ஆண்டில் அது 1098 ஆகப் பெருத்தது. இவ்விவரங்கள் வாங்குவோருக்கு வெறும் வரலாறு அல்ல. விற்பவர் சொல்லும் வயதைச் சரிபார்க்கும் கருவிகள் இவை.

எடுத்துக்காட்டாக, முன் கண்ணாடியைப் பார்க்கலாம். நடுவே சட்டம் வைத்து இரண்டு துண்டாக இருப்பின் அவ்வண்டி 1956 ஆம் ஆண்டு மாற்றத்துக்கு முற்பட்டது. வளைந்த ஒரே கண்ணாடியாயின் அதற்குப் பிற்பட்டது. திரும்பும் திசையைக் காட்டக் கதவோரத்துத் தூணிலிருந்து சிறு கை போல ஒன்று வெளியே நீளுமாயின், அது 1961 ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டி. மின்னி மின்னி அணையும் விளக்கிருந்தால் பிந்தியது. 1960 ஆம் ஆண்டு வண்டி என்று விளம்பரத்தில் கண்டு, நேரில் சென்றபோது இரண்டு துண்டுக் கண்ணாடி காணப்படின், வண்டியிலேயோ சொல்லிலேயோ ஏதோ மாற்றப்பட்டிருக்கிறது என்பது தெளிவு.

இலக்கத்தகடும் வயதைச் சொல்லும். 1957 ஆம் ஆண்டுக்கு முன் இலங்கையில் பதிவான கார்கள் சி.எல்., சி.என்., இ.எல்., இ.என்., இ.வை. என்றவாறு ஆங்கில எழுத்துக்களைத் தாங்கின. 1957 ஆம் ஆண்டு முதல் அவற்றின் இடத்தில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறிக்கப்பட்டது. அம்மாற்றத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்திற்று. தமிழ் எழுத்தைப் பொறித்துக்கொண்டு ஓடிய வண்டிகளும் அந்நாளில் இருந்தன. 1958 ஆம் ஆண்டில் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கிய பிரச்சினைகளுள் அந்த ஓரெழுத்தும் ஒன்று. இன்று விலைக்கு வரும் பழைய மைனர்களுள் பல, அந்த எல்லைக்கு இப்புறமோ அப்புறமோ பதிவானவை. ஆனால் தகடு காட்டுவது பதிவான காலத்தையே. செய்யப்பட்ட காலம் சற்று முந்தியும் இருக்கலாம்.

எழுபது ஆண்டு வயதுள்ள வண்டிகள் இன்னும் ஓடுவதற்கு அவற்றின் உறுதி மட்டும் காரணம் அன்று. நாட்டின் வரலாறும் காரணம். 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வண்டி வாராமற் போகவே இருந்த வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டும் திறமை ஊர்தோறும் வளர்ந்தது. 1977 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இறக்குமதி தளர்த்தப்பட, ஜப்பானிய வண்டிகள் பெருகின. போர்க்காலத்தில், 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லாது தடுக்கப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடியவை இந்தப் பழைய ஒஸ்டின்களும் மொறிஸ்களுமே. பின்னர் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் தனியார் கார்களுக்கு வழி திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளில் ஓடக்கூடிய எந்த வண்டியின் விலையும் ஏறிற்று. பழைய மைனரும் இலட்சக்கணக்கான ரூபா கேட்கும் பொருளாயிற்று. விலை ஏறவே, குறையை மறைத்து விற்கும் ஆசையும் ஏறுவது இயல்பன்றோ?

குறை எங்கே மறைந்திருக்கும் என்பதை அறிய மட்டக்களப்பின் நில அமைப்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலமாகக் கிடப்பது எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு ஆகிய ஊர்கள் அப்பட்டையிலேதான் அமைந்துள்ளன. அங்கே நிறுத்தி வைக்கும் வண்டிக்குக் கிழக்கேயும் உப்புநீர், மேற்கேயும் உவர்நீர். பகலில் கடற்காற்று உப்புத் துளியைச் சுமந்துவந்து தகட்டின்மேற் படிய விடுகிறது; இரவுப் பனி அதனை நனைக்கிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வாவி பெருகித் தாழ்ந்த வீதிகளில் ஏறுகிறது. மண்முனையில் 2014 ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும் வரை, அவ்விடத்தில் வாவியைக் கடந்து படுவான்கரை செல்ல வேண்டிய வண்டிகள் பாதையில் ஏறியே சென்றன. பாதை என்பது இப்பகுதி மக்கள் வாகனங்களை ஏற்றிக் கடத்தும் மிதவைக்கு இட்டு வழங்கும் பெயர். துறையிலே பாதைக்கு இறங்கும்போதும் ஏறும்போதும் சில்லுகள் உவர்நீரில் நனைந்தன. இவ்வளவுக்கும் மேலாக 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் வந்த கடற்கோளும் 2011 ஆம் ஆண்டு சனவரி மாதப் பெருவெள்ளமும் பல வண்டிகளை முழுக்காட்டிச் சென்றன.

இரும்பு நீரையும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொண்டு கறளாக மாறுகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. உப்பு அதனை இருவழியில் விரைவுபடுத்துகிறது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவதால் இரும்பு அரிக்கப்படும் செயல் வேகமாக நடக்கிறது. மேலும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்வதால், வெயில் எறிக்கும் நாளிலும் தகட்டின் உட்புறம் உலராது நிற்கிறது. கறள் தோன்றியபின் அது இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைக்கும். ஆகவே இரு தகடுகள் ஒட்டிய இடத்திற் புகுந்த கறள், அவற்றை ஆப்பு வைத்துப் பிளப்பதுபோல் விலக்கி, மேலும் நீர் புக வழிசெய்கிறது. மேலே பூசிய நிறம் நன்றாயிருக்கும்போதே உள்ளே தகடு தாளாகிவிடுவது இவ்வாறுதான்.

இதில் மைனருக்குரிய தனியாபத்து ஒன்றுண்டு. போருக்கு முற்பட்ட கார்களிற் பெரும்பாலானவற்றில், மாட்டுவண்டியின் சட்டம் போல உறுதியான இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருந்தது. உடல் அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்டது. உடல் கறள் பிடித்தாலும் சட்டம் வண்டியைத் தாங்கும். மைனரிலோ தனிச் சட்டம் இல்லை. மெல்லிய தகடுகளைப் பெட்டிபோல மடித்து ஒட்டி, உடலையே சட்டமாகவும் ஆக்கினார்கள். அதனால் வண்டி இலேசாயிற்று; பெற்றோல் செலவும் குறைந்தது. ஆனால் அப்பெட்டிகளுள் கறள் புகின் வண்டியின் முதுகெலும்பே இற்றுப்போகிறது. எனவே மட்டக்களப்பில் பழைய மைனர் வாங்குவோர் மனத்திற் பதிக்கவேண்டிய முதல் விதி இது: இயந்திரத்தைக் கடைசியிற் பார்க்க வேண்டும், அடிப்பாகத்தை முதலிற் பார்க்க வேண்டும். தேய்ந்த இயந்திரத்தைக் கழற்றித் திருத்திவிடலாம். இற்றுப்போன உடலைத் திருத்துவதற்கு வண்டியின் விலையினும் மிகுந்த பணம் செலவாதல் கூடும்.

சோதனைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில: விரிப்பதற்கு ஒரு பழஞ்சாக்கு, கைவிளக்கு, சிறு காந்தத் துண்டு, மரப்பிடியுள்ள ஸ்குறூ டிரைவர், உறுதியான ஜாக்கி ஆகியன போதும். பகல் வெளிச்சத்திற் செல்லல் வேண்டும். மழை ஓய்ந்த கையோடு, நனைந்த வண்டியைப் பார்த்தல் கூடாது. ஈரம் எல்லா நிறத்தையும் புதிதாகக் காட்டும்.

கதவுகளுக்குக் கீழே முன் சில்லிலிருந்து பின் சில்லு வரை ஓடும் பெட்டித் தகட்டை முதலில் ஆராய்தல் வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்கும் உறுப்புக்களுள் முதன்மையானது அது. ஸ்குறூ டிரைவரின் மரப்பிடியால் நெடுகத் தட்டிச் சென்றால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்ற தகடும், குழியை நிரப்பிய பட்டியும் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்திற் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். இரும்பில் ஒட்டும் காந்தம் பட்டியில் ஒட்டாது. பின்னர் அப்பெட்டியின் நடுவே, ஜாக்கி வைப்பதற்கென்று அமைந்த இடத்தில் ஜாக்கியை வைத்து மெல்ல உயர்த்த வேண்டும். சில்லு நிலத்தை விட்டு எழும்புமுன் தகடு நசுங்கினால், அல்லது உயர்த்திய நிலையிற் கதவு திறக்கவும் மூடவும் மறுத்தால், அவ்வண்டியைப் பற்றி மேலும் பேசவேண்டியதில்லை. எவ்வளவு உயர்த்தினும் வண்டியின் கீழே உடலை நுழைக்கக் கூடாது. கட்டையோ தாங்கியோ வையாமல் ஜாக்கியை நம்பிப் படுத்தவர்கள் உயிரிழந்ததுண்டு.

அடுத்துப் பார்க்கவேண்டியது பின்புறம். பின் அச்சைத் தாங்கும் வில் தகட்டு அடுக்கின் முனைகள் உடலோடு பூட்டப்பட்டிருக்கும் இடங்களில் சேறு தங்கும். சேறு தங்கும் இடத்தில் உப்பும் தங்கும். அங்கே ஒட்டுத் தகடுமேல் ஒட்டுத் தகடாக வைத்து உருக்கி ஒட்டியிருப்பதைக் காணலாம். ஒட்டு ஒன்று இருந்தாற் குறையில்லை. அடியிலுள்ள பழைய தகட்டை வெட்டி நீக்கிவிட்டு ஒட்டினார்களா, கறளின் மேலேயே மூடினார்களா என்பதே கேள்வி. பின்னர் முன்புறத்தில், இயந்திரத்தின் இருமருங்கும் நீளும் பெட்டித் தண்டுகளையும், முன் ஆசனத்தின் கீழே குறுக்காக ஓடும் விட்டத்தையும் பார்த்தல் வேண்டும். உள்ளே விரித்த கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க விற்பவர் தயங்குவாராயின், அத்தயக்கமே விடையாகும். கம்பளத்தின் கீழே மெல்லிய வண்டல் மண் படிந்திருந்தால் அவ்வண்டி வெள்ளத்தில் நின்றது என அறியலாம். கடல்நீரில் மூழ்கிய வண்டியோ, வெளியே எவ்வளவு கழுவினும் உள்ளறைகளில் உப்பைச் சுமந்துகொண்டே இருக்கும்.

உடல் நன்றென்று கண்டபின், உயிரைக் காக்கும் இரண்டு உறுப்புக்களுக்குச் செல்லலாம். ஒன்று முன் சில்லுகளின் மூட்டு. மைனரில் ஒவ்வொரு முன் சில்லும் மேலும் கீழும் மரையிட்ட இரு மூட்டுக்களில் நின்று திரும்புகிறது. அம்மரைகளுக்கு ஆயிரம் மைல் ஓடுமுன் ஒருமுறை கிறீஸ் ஏற்ற வேண்டும் என்பது விதி. கிறீஸ் இன்றிப் பல ஆண்டு ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டுக் கழன்று, சில்லு வெளிப்புறமாக மடிந்து, வண்டியின் முன்பகுதி நிலத்தில் விழும். மைனருக்கு உலகெங்கும் அறியப்பட்ட நோய் இது. பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போது நிகழ்வதால் பலர் தப்பியிருக்கிறார்கள். ஆனால் இருபுறமும் நீர் நிற்கும் ஒடுங்கிய அணைவீதியில் அது நிகழ்ந்தால் தப்புதற்கு இடமில்லை. முன் சில்லை உயர்த்தி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டினால் தேய்வு கையிலே தெரியும். கிறீஸ் ஏற்றும் சிறு முலைகள் துடைக்கப்பட்டுப் புதுக் கிறீசோடு இருக்கின்றனவா, நிறத்தால் மூடுண்டு கிடக்கின்றனவா என்று பார்த்தாலே வண்டியைப் பேணியவரின் குணம் விளங்கும்.

மற்றது பிறேக். இக்கால வண்டிகளில் இரு பிரிவாக அமைந்திருப்பதால் ஒன்று பழுதுபட்டாலும் மற்றது வேலை செய்யும். மைனரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் வழிதான் உண்டு. ஓரிடத்தில் ஒழுகினாற் பிறேக் முழுவதும் போய்விடும். அதன் தலைமை உருளை சாரதியின் காலடித் தகட்டின் கீழே இருப்பதால், பார்க்கச் சோம்பி விடுவோர் பலர். மிதியை அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். கால் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. மேலும், அந்நாளைய வண்டிகளிற் பட்டி கட்டிக்கொள்ளும் வசதியும் இருக்கவில்லை. விரைந்து நிறுத்தும் ஆற்றலும் குறைவு. ஆகையால் புதிய வண்டிகளோடு வேகத்திற் போட்டியிடாமல், இடைவெளி விட்டு ஓட்டுதற்கு உடன்படுவோரே இதனை வாங்கத் தக்கவர்.

இனி இயந்திரம். விற்பவர் முன்னமே சூடாக்கி வைத்தல் உண்டு. ஆதலின் மூடியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கும்போதே தொடக்கச் சொல்லல் வேண்டும். பின்குழாயில் நீலப்புகை நீங்காது வந்தால் எண்ணெய் எரிகிறது, தேய்வு மிகுதி. கரும்புகை வந்தால் பெற்றோல் மிகுதியாகச் செல்கிறது. அது சிறு திருத்தத்தில் தீரும். சூடேறிய பின்னும் வெண்ணிற ஆவி நீங்காது, எண்ணெய் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற படிவும் இருந்தால் நீர் உட்புகுகிறது. பின்னர் ஓட்டிப் பார்க்கும்போது, இறக்கத்தில் இரண்டாம் கியரிலே கால் எடுத்தால் கியர் தானே விலகுகிறதா என நோக்க வேண்டும். முதற் கியர் வண்டி நின்ற பின்னரே அமைதியாக விழும். அது குறையன்று, அக்கால அமைப்பு. மற்ற வகையில் இவ்வியந்திரம் எளிமையானது. இதே குடும்பத்து இயந்திரம் பின்னர் மினி உள்ளிட்ட பல வண்டிகளிலும் பூட்டப்பட்டதால், அதனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் உலகெங்கும் உள்ளன.

உதிரி உறுப்புக்களைப் பற்றியும் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இவ்வண்டிக்கெனத் தனிச் சங்கங்களும் உறுப்பு விற்கும் நிலையங்களும் உள்ளன. ஒருகாலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த காருக்கு, 1990களில் இலங்கையிலேயே உடற் தகடுகள் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு ஏற்றுமதி ஆயின என்பது பலர் அறியாத செய்தி. பட்டறையிற் சுத்தியலோடு நிற்கும் நம் நாட்டுத் தொழிலாளியின் கைத்திறனுக்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? அண்டை நாடாகிய இந்தியாவிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்டு என்னும் பெரிய தமையன் வண்டியே அம்பாசடர் என்ற பெயரோடு 2014 ஆம் ஆண்டு வரையிற் செய்யப்பட்டு வந்தது.

வண்டி நன்றாயிருப்பினும் பத்திரம் நன்றாயில்லையெனின் பணம் கொடுத்தல் ஆகாது. பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வண்டியிலுள்ள இலக்கங்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பழைய இயந்திரத்தை நீக்கிவிட்டு ஜப்பானிய இயந்திரம் பூட்டப்பட்ட மைனர்களும் ஓடுகின்றன. அது தவறன்று, ஆனால் அம்மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏறியிருத்தல் வேண்டும். ஏறாதிருப்பின், பின்னாளில் மாற்றி எழுதும் தொல்லை முழுவதும் வாங்கியவர் தலையில் விழும். சான்றிதழில் உள்ள பெயர் விற்பவருடையதா, இறந்துபோன தந்தையாருடையதா என்பதையும் நோக்க வேண்டும். குடும்ப வண்டிகளில் உரிமை சட்டப்படி மாற்றப்படாது தலைமுறை கடந்து வருதல் சாதாரணம். அத்தகைய இடத்தில் உரித்தாளர் அனைவரும் உடன்பட்டு உரிமையைச் சீர்செய்த பின்னரே கைமாற்றுதல் இரு பக்கத்தாருக்கும் நன்மை.

விலை பேசுவதற்கும் ஒரு முறையுண்டு. கேட்ட விலையிற் குறைத்துக் கேட்பது பேரம் மட்டுமே; அது கணக்கன்று. சோதனையிற் கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, நம்பத்தகுந்த கராஜ்காரரிடம் ஒவ்வொன்றுக்கும் செலவு கேட்டு, அத்தொகையையும் வண்டியின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அக்கூட்டுத்தொகைக்கு நல்ல நிலையிலுள்ள வேறொரு வண்டி கிடைக்குமானால், மலிவாகத் தோன்றிய வண்டி மலிவன்று. நிறம் மங்கி, ஆசனம் கிழிந்து, அடிப்பாகம் உறுதியாக நிற்கும் வண்டியே வாங்கத் தக்கது. புதுநிறம் பூசி, அடியிலே பட்டி நிரப்பிய வண்டி, எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும் விடத்தக்கது.

வாங்கிய பின்னர்ப் பேணுவதும் வாவிக்கரையில் ஒரு கடமை. வாரம் ஒருமுறை நன்னீரால், மேற்புறத்தைவிட அடிப்புறத்தையும் சில்லுக் குழிகளையும் கழுவுதல் வேண்டும். கதவுகளின் அடியில் நீர் வடிவதற்கென உள்ள சிறு துளைகளைக் குச்சியாற் குத்தித் திறந்து வைத்தல் வேண்டும்; அவை அடைபட்டாற் கதவு குடமாகிவிடும். பெட்டித் தகடுகளுள் எண்ணெயைப் புகட்டி வைத்தாற் கறள் தாமதிக்கும். நிறுத்துமிடம் காற்றோட்டமுள்ள கொட்டிலாக இருத்தல் நன்று. ஈரமணலின்மேல் நிறுத்தி, தார்ப்பாயால் இறுக மூடி வைப்பது பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். மணலிலிருந்து எழும் ஆவியை உள்ளேயே அடைத்து வைத்துத் தகட்டை அவிக்கும் செயல் அது.

இத்தனை தொல்லையோடு எழுபது வயது வண்டி எதற்கு என்று கேட்போரும் உண்டு. ஒரு காலத்தில் ஊருக்கு ஒன்றோ இரண்டோ கார் இருந்தபோது, மணமக்களை ஏற்றிச் சென்றதும், நள்ளிரவிற் பிரசவ வேதனையுற்ற தாயைப் புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குக் கல்லடிப் பாலத்தின் மேலாகக் கொண்டு சேர்த்ததும் இத்தகைய வண்டிகளே. 1920களில் எழுந்த அந்த இரும்புப் பாலத்தில் ஒருவழியாகவே வாகனங்கள் செல்ல இயன்றது. 2013 ஆம் ஆண்டில் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் பழைய பாலம் இன்றும் நிற்கிறது. நிற்பதற்குக் காரணம், கறளைச் சுரண்டி நிறம் பூசி அதனைப் பேணிய கைகள். வாவிக்கரையில் இரும்பாலான எப்பொருளுக்கும் அதுவே நியதி. ஆகவே அடுத்த முறை ‘புதிதாக நிறம் பூசப்பட்டது’ என்னும் விளம்பரத்தைக் காண்போர், நிறம் பூசுமுன் அங்கே கறள் சுரண்டப்பட்டதா என்ற ஒரு கேள்வியை எழுப்பட்டும். விடையை விற்பவரின் வாயிற் கேட்டதோடு அமையாமல், சாக்கை விரித்துக் குனிந்து வண்டியின் அடியிற் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.